உழைச்செல்வாரும் முதுமாணிப் பட்டமும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை மேல்வகுப்பு மாணவர்க்குக் கற்பிக்குந்தோறும் அதன் ஈற்றுக் குறளை விரைந்து கடந்துவிடுவது என் வழக்கம். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்துக்கு உறுப்பு நான்கென்று வள்ளுவர் எண்ணிக் காட்டுவர். முதல் மூன்றும் மாணவர் தாமே அறிந்தவை. நான்காவதற்கு, 'உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே சென்று மருந்தை ஊட்டுபவன்' என்று பொருள் சொல்லி, மணி அடிக்குமுன் அதிகாரத்தை முடித்துவிடுவேன். பரிமேலழகர் அந்நான்கிற்கும் தனித்தனியே நந்நான்கு இயல்பு கூறுவர் என்பதும், உழைச்செல்வானுக்கு நோயாளிமேல் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொல்லியவாறு செய்துமுடிக்கும் வன்மை ஆகியவற்றோடு அறிவுடைமையையும் அவர் சேர்த்தனர் என்பதும் பரீட்சைக்கு வேண்டிய குறிப்பாக மாத்திரமே என் கைப்புத்தகத்தில் கிடந்தன.

சென்ற மாதம் ஒரு மாலை, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அக்குறளை என்னிடம் கற்ற மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இன்று அவள் ஒரு வைத்தியசாலையில் தாதி. இளமாணிப் பட்டமும் பெற்றவள். கையில் ஒரு விண்ணப்பப் பத்திரம் இருந்தது. தாதியியலில் முதுமாணிப் பட்டத்துக்குக் கற்க எண்ணியிருக்கின்றாள். 'இக்கல்வியை விரும்புவதற்குக் காரணம் யாது?' என்னும் வினாவுக்கு நேரே நான்கு வரி எழுதி, அவற்றை வெட்டி, மீண்டும் எழுதி, மீண்டும் வெட்டியிருந்தாள்.

“ஐயா, வீட்டில் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்லுகிறார்கள். முதுமாணி படித்தவள் பிறகு நோயாளிக்குத் தண்ணீர் பருக்குவாளோ, மேசைக்குப் போய்விடுவாள் என்கிறார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. படியாமல் விடவும் மனமில்லை” என்றாள்.

நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் அப்பொழுது எனக்கு இருக்கவில்லை. இன்னொரு நாள் வரும்படி சொல்லி அனுப்பிவிட்டு, இப்பட்டம் எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று தேடிப் படிக்கலானேன். அவ்வாறு படித்தவற்றுட் சிலவே ஈண்டு எழுதுவன.

புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் இலண்டனில் சென். தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பாடசாலையை நிறுவியது 1860ஆம் ஆண்டு. அவர் விளக்கேந்திய மங்கையாகவே நம் பாடப்புத்தகங்களில் நிற்கின்றார். போர்க்களத்தில் இறந்தோர் தொகையைக் கணித்து, வரைபடமாக்கி, ஆட்சியாளர் கண்முன் வைத்த கணிதவல்லுநர் அவர் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. இத்துணைக் கல்வியுடைய அவரே, தாதியரைப் பரீட்சை வைத்துப் பதிவு செய்யவேண்டும் என்ற இயக்கம் பின்னாளில் எழுந்தபோது அதனை எதிர்த்தார். நற்றாதியை ஆக்கும் குணங்களைப் பரீட்சையால் அளக்கவியலாது என்பது அவர் கொள்கை. என் மாணவியின் வீட்டார் சொல்வதற்கு எத்துணைப் பெரிய துணை இருக்கின்றது பாருங்கள்!

முதுமாணிக் கல்வியின் வரலாறோ ஐக்கிய அமெரிக்காவிலேதான் தொடங்குகின்றது. 1873 முதல் அந்நாட்டு வைத்தியசாலைகள் நைற்றிங்கேல் முறையில் தாதியர் பாடசாலைகளைத் திறந்தன. பாடசாலை என்பது பெரும்பாலும் பெயரளவே. பகல் முழுவதும் மாணவியர் விடுதிகளில் உழைப்பர். இரவில், உடல் சோர்ந்த வேளையில், மருத்துவர் ஒருவர் வந்து சிறிது நேரம் விரிவுரை நிகழ்த்துவார். வைத்தியசாலைக்கு மலிவான ஊழியம் கிடைத்தது. தேறிய மாணவியே மறு ஆண்டு மற்றவர்க்கு ஆசிரியை ஆவாள். கற்பிக்கும் கலையை அவளுக்குக் கற்பித்தவர் எவருமிலர்.

இக்குறையை உணர்ந்தவர்களுள் முதன்மையானோர் இருவர். ஒருவர், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைத் தாதியர் பாடசாலைக்கு 1889இல் முதற்றலைவியான இசபெல் ஹம்ப்ரன். மற்றவர், அப்பாடசாலையின் முதல் அணியிலே கற்று 1891இல் வெளியேறிய கனடா நாட்டவரான அடிலெயிட் நட்டிங். இவர்களும் இவர்தம் தோழியரும் முயன்றதனால், 1899இல் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா ஆசிரிய கலாசாலையில் தாதியர்க்கென ஒரு பாடநெறி தொடங்கிற்று. அதற்கு இட்ட பெயர் 'வைத்தியசாலைப் பொருளியல்'. பெயரில் நோயாளியும் இல்லை, தாதியும் இல்லை! 1907இல் நட்டிங் அக்கலாசாலையிற் பேராசிரியையானார். உலகிலே பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் தாதி அவரே.

பின்வந்த அச்சத்தின் வித்து இங்கேயே விழுந்துவிட்டது என்பது என் எண்ணம். அக்கல்வி ஆசிரியையரையும் மேற்பார்வையாளரையும் ஆக்குவதற்கே வகுக்கப்பட்டது. அதனைப் பிழை என்று சொல்ல ஒண்ணாது. ஆசிரியர் இல்லாமற் பாடசாலை ஏது? 1923இல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை தாதியர் கல்வியின் குறைகளை வெளிப்படையாகக் காட்டிற்று. அவ்வாண்டிலேயே யேல் பல்கலைக்கழகம் தனித் தாதியர் பாடசாலை நிறுவி, அனீ குட்றிச் அம்மையாரைத் தலைவியாக்கிற்று. இளமாணிப் பட்டம் பெற்றோரையே சேர்ப்பது என்ற விதியை அப்பாடசாலை 1934இல் மேற்கொண்டது. படிகள் இவ்வாறு உயர்ந்துகொண்டே போயின. ஆயினும் மேற்பட்டம் பெற்ற தாதிக்குப் பெரும்பாலும் இரண்டு வாயில்களே திறந்திருந்தன: ஒன்று வகுப்பறை, மற்றது அலுவலகம். கட்டிலருகே நின்றவளுக்குப் பட்டமில்லை; பட்டம் பெற்றவள் கட்டிலருகே இல்லை.

இதில் அமெரிக்கரை மட்டும் குறைகூற எனக்கு வாய் எழவில்லை. என்னோடு பண்டிதர் பரீட்சைக்கு இரவிரவாகக் கண்விழித்துப் படித்தவர்களுள் மிகச் சிறந்த ஆசிரியராய் இருந்த இருவர், பட்டம் மேற்பட்டம் என்று சென்று, இன்று கோப்புகளில் ஒப்பமிடுகின்றனர். அவர்கள் நன்னூல் நடத்தினால் கடைசி வாங்கில் இருப்பவனும் எழுந்திருந்து கேட்பான். இன்று அவ்வகுப்பில் யார் இருக்கின்றார் என்பது பற்றி எழுதப் புகுந்தால் பொருள் வேறாகிவிடும்.

அமெரிக்காவில் இந்நிலை மாறியதற்குப் பலர் காரணராயினும், ஒருவரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஹில்டகார்ட் பெப்லோ என்பது அவர் பெயர். 1909இல் பென்சில்வேனியாவில் குடியேறிகளின் குடும்பத்திற் பிறந்தவர். 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலை ஒன்பது வயதுச் சிறுமியாய்க் கண்டவர். 1931இல் ஒரு வைத்தியசாலைப் பாடசாலையிற் பயின்று தாதியாகி, 1943இல் பெனிங்ரன் கல்லூரியில் உளவியல் கற்றுப் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் இராணுவத் தாதியாக இங்கிலாந்து சென்று, மனம் சிதைந்த போர்வீரர்களைப் பராமரித்தார். மீண்டு வந்து கொலம்பியா ஆசிரிய கலாசாலையில் 1947இல் முதுமாணியும் 1953இல் கலாநிதியும் ஆனார்.

தாதிக்கும் நோயாளிக்கும் இடையே உண்டாகும் உறவே மருந்தாதல் கூடும் என்பதை விளக்கி அவர் ஒரு நூல் எழுதினார். மருத்துவர் ஒருவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளாது தாதி தனித்து நூல் வெளியிடுதல் அக்காலத்துக்குப் புதுமையாய் இருந்தமையால், எழுதி முடித்த நூல் நான்காண்டு கிடந்து 1952இலேயே வெளிவந்தது. தாதியும் நோயாளியும் முதலில் அயலாராகவே சந்திக்கின்றனர். அயன்மை நீங்கி, நம்பிக்கை வளர்ந்து, வேண்டும் உதவியைப் பெற்று, ஈற்றில் ஒருவரையொருவர் பிரிந்தும் நிற்கக் கற்கின்றனர். இப்படிமுறையை அறிந்து நடத்துதலே தாதியின் தொழில் என்பது நூற்பொருள்.

1954இல் அவர் நியூ ஜேர்சியிலுள்ள றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஒரு முதுமாணிப் பாடநெறியை ஆக்கினார். உளநோயாளரைப் பராமரிக்கும் தேர்ச்சி ஒன்றே அதன் குறிக்கோள். கற்பிப்பதற்கோ நிருவகிப்பதற்கோ அன்று. அரசாங்க மனநோய் வைத்தியசாலைகளில், பூட்டும் திறப்புமே தாதியின் கருவிகளாய் இருந்த காலம் அது. பெப்லோவின் மாணவியர் அத்தகைய நோயாளர் பக்கத்தே சென்று அமர்ந்தனர், உரையாடினர், அவர் சொன்னதையும் தாம் சொன்னதையும் உள்ளவாறே எழுதிக்கொண்டு வந்து, ஆசிரியையோடிருந்து வரிவரியாக ஆராய்ந்தனர்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் இருந்துவிட்டேன். உரையாசிரியர் செய்யுளுக்குச் செய்யும் காரியம் அன்றோ இது! இவ்விடத்தில் இச்சொல் ஏன் வந்தது? சொல்லாது விட்டது யாது? 'பயப்படவேண்டாம், எல்லாம் சரியாகிவிடும்' என்று ஒரு தாதி சொன்னால், அது நோயாளியின் பதற்றத்தைத் தணிக்கச் சொன்னதா, தன் பதற்றத்தைத் தணிக்கச் சொன்னதா? அன்பு மட்டும் உடையவள் இவ்வினாவை எழுப்பமாட்டாள். அன்போடு அறிவுடைமையையும் பரிமேலழகர் எண்ணியதன் பயன் எனக்கு அப்பொழுதே விளங்கிற்று. இருபத்தெட்டு ஆண்டுகள் அதைக் கற்பித்திருக்கின்றேன்!

பெப்லோ காட்டிய வழியிற் பின்னர் வேறு துறைகளிலும் கட்டிலருகே நிற்கும் முதுமாணியர் தோன்றினர். 1965இல் கொலறாடோவில் லொறெற்றா போட் என்னும் பொதுச் சுகாதாரத் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் கூடி, மருத்துவர் எட்டிப்பாராத ஊர்களில் குழந்தைகளைப் பரிசோதித்துப் பராமரிக்கத் தாதியரைப் பயிற்றினர். மருத்துவரை விடுங்கள், தாதியர் கல்வித் தலைவருள்ளேயே அதனை எதிர்த்தோர் இருந்தனர். தொடக்கத்திற் குறுகிய பயிற்சியாக இருந்த அது காலப்போக்கில் முதுமாணிக் கல்வியாயிற்று. இன்று அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் இத்தாதியர் மருந்து எழுதும் உரிமை உடையர். சில மாநிலங்களில் மருத்துவர் மேற்பார்வை வேண்டும், சிலவற்றில் வேண்டா. போட் அம்மையார் 104 வயதுவரை வாழ்ந்து 2025ஆம் ஆண்டிலேயே மறைந்தார்.

கற்ற தாதியால் நோயாளிக்கு ஆவது என்ன என்பதற்குக் கணக்கும் உண்டு. லிண்டா எயிக்கன் என்னும் தாதியும் அவர் குழுவினரும் பென்சில்வேனியாவில் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு இது: இளமாணிப் பட்டம் பெற்ற தாதியரின் விகிதம் நூற்றுக்குப் பத்துக் கூடிய இடத்தில், சத்திரசிகிச்சை பெற்றோர் முப்பது நாளுள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தது. ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் 300 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டபோது அக்குறைவு ஏழாயிற்று. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இஃது இருத்தல் கூடும் என்று தருக்கம் பேசுவோர் சொல்வர். நல்ல வைத்தியசாலையே படித்த தாதியரை நாடிச் சேர்க்கும் என்பர். அது தள்ளத்தக்க வாதம் அன்று. மேலும் அக்கணக்கு இளமாணியைப் பற்றியது, முதுமாணியைப் பற்றியது அன்று. எனினும் அறிவு மிகுந்தால் அன்பு குறையும் என்பார் தம் பக்கத்துக்கு ஒரு கணக்குக் காட்டட்டும்.

சென்ற ஞாயிறு என் மாணவி மீண்டும் வந்தாள். பட்டத்தின் பெயரைப் பாராதே, அப்பாடநெறியில் மாணவியர் எங்கே நின்று கற்கின்றனர் என்று கேள் எனச் சொன்னேன். அமெரிக்காவில், நோயாளரைத் தாமே பராமரிக்கும் தாதியர்க்கான மேற்படிப்பில், நோயாளரிடையே நின்று பயிலவேண்டிய காலம் குறைந்தது 500 மணி என்று நெடுநாள் இருந்தது. 2022இல் வகுத்த நியமம் அதனை 750 மணி ஆக்கிற்று. “நீ சேரப்போகும் இடத்தில் எத்தனை மணி? பக்கத்தில் நின்று திருத்துபவர் யார்? அதைக் கேட்டு அறிந்துகொண்டு பணத்தைக் கட்டு” என்றேன். பணம் மட்டுமா? இரவுக் கடமையும் பகற்படிப்பும், பள்ளி செல்லும் பிள்ளையும் இருக்கின்ற வீடு அவளுடையது. அவற்றைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கின்றது!

பெப்லோவின் வரலாற்றையும் சொன்னேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தவள், வரிவரியாக ஆராய்ந்த இடம் வந்ததும் நிமிர்ந்தாள்.

“ஐயா, எங்கள் விடுதியில் ஒரு ஆச்சி இருக்கிறா. ஒவ்வொரு இரவும் 'மகன் எப்ப வருவான், பிள்ளை?' என்று கேட்பா. அந்த மகன் செத்து எத்தனையோ வருடம். 'நாளைக்கு வருவார் ஆச்சி' என்று சொல்லிச் சொல்லி நித்திரையாக்குவேன். அது சரியோ பிழையோ என்று எனக்குத் தெரியாது. சொல்லித்தரவும் அங்கே ஒருவரும் இல்லை. படிக்க வேண்டும் என்று எனக்கு முதன்முதல் தோன்றியது அந்த ஆச்சியால்தான். இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதலாமோ?”

“அதைத்தான் எழுதவேண்டும் பிள்ளை” என்றேன்.

முன் எழுதியவற்றை நீளக் கோடிட்டு வெட்டினாள். பத்திரத்தில் இடம் போதாமையால், என் மேசைமேல் இருந்த வெற்றுத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி எழுதத் தொடங்கினாள். பாதிப் பக்கம் நிரம்பியிருந்தபோது சுவர் மணிக்கூடு ஆறு அடித்தது. அன்று அவளுக்கு இரவுக் கடமை. மிகுதியை விடுதியில், ஆச்சி உறங்கியபின் எழுதுவதாகச் சொல்லி, தாளை நான்காய் மடித்து எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.