எண்களுக்கு அடியில் இருக்கும் ஆண்டு

சொந்தப் படகில் கரையை ஒட்டிப் பிரயாணம் செய்ய விரும்புகிறவர், கடல் வரைபடம் வாங்கும்போது அச்சின் தெளிவையும் வர்ணங்களின் நேர்த்தியையும் பார்த்து மனம் நிறைந்துவிடுவது இயல்பே என்றாலும், அந்தப் படத்தில் சிதறிக் கிடக்கும் ஆழ எண்களை எந்தக் காலத்தில், எந்தச் சாதனத்தைக் கொண்டு, எவ்வளவு நெருக்கமாக அளந்தார்கள் என்று விசாரியாமல் அதை நம்பிப் புறப்படுவது விவேகமாகாது.

1992 ஆகஸ்ட் 7 இரவு, 'குயின் எலிசபெத் 2' என்ற பிரசித்தமான பிரயாணிக் கப்பல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில், அந்த நீர்வழிக்குரிய பைலட் ஒருவர் உடனிருந்தும், கட்டிஹங்க் தீவுக்கு அருகே பாறையில் உராய்ந்து அடிப்பாகம் கிழிந்தது. கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருந்தது ஏறக்குறைய 32 அடி. படம் காட்டிய ஆழமோ 39 அடி. ஆழமற்ற நீரில் வேகமாகச் செல்லும் பெருங்கப்பல் இன்னும் சில அடி தாழ்ந்துபோகும் என்பது பௌதிக நியதி. அந்தத் தாழ்வைக் கப்பலில் இருந்தோர் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள். ஆயினும் நம்மைத் திகைக்கவைப்பது வேறு: அந்தப் பகுதியை அளந்த ஆண்டு 1939! அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அளவையின் மீது, அன்றைய தேதியிட்ட படம் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி அளந்த பழைய முறையில், குண்டு தொட்ட இடத்தின் ஆழம் மட்டுமே தெரியும். இரண்டு தொடுகைகளுக்கு நடுவே நிற்கும் பாறை எண்ணாக மாறுவதே இல்லை. ஆகவேதான் நல்ல காகிதப் படங்களில், எந்தப் பகுதி எந்த ஆண்டில் அளக்கப்பட்டது என்று காட்டும் சிறு கட்டம் ஒன்று இருக்கும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கண்ணெடுத்தும் பாராத மூலை அது. அதிகாரபூர்வமான மின்னணுப் படங்களில் இதே செய்தியை ஏ1 முதல் டி வரையிலான நம்பகத் தரங்களாகக் கொடுக்கிறார்கள்: ஏ1 தரத்தில் இடப்பிழை 5 மீட்டருக்குள் அடங்கும், சி தரத்திலோ 500 மீட்டர் வரை போகலாம். அத்தகைய இடத்தில், செயற்கைக்கோள் சில மீட்டர் துல்லியத்தில் படகின் நிலையைச் சொல்லியும் பயன் சொற்பமே.

திரையில் வேறோர் அபாயமும் உண்டு. 2014 நவம்பரில் 'வெஸ்டாஸ் விண்ட்' என்ற பந்தயப் பாய்மரப் படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கேயுள்ள கார்காடோஸ் காரஜோஸ் பவளத்திட்டில் முழு வேகத்தில் மோதியது. திட்டு படத்தில் இருந்தது. ஆனால் திரையைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்த்தால்தான் தென்படும் விதத்தில் இருந்தது.

பழைய காகிதப் படங்களை அமெரிக்க அரசு நிறுத்திவிட்ட இக்காலத்தில், அங்குள்ள படகுக்காரர்கள் இலவசமாகக் கிடைக்கும் மின்னணுப் படத்திலிருந்து வேண்டிய பகுதியைத் தாமே அச்சிட்டுக்கொள்கிறார்கள். அச்சிட்ட பிறகு இடம் மாறிய மிதவையையும் புதிதாய்த் தெரிந்த பாறையையும், மாலுமிகளுக்கான அறிவிப்பைப் பார்த்து, மையால் அவர்களே குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.