பெயர் மாறிய பின் கப்பல் பயணம்: ஆவணங்கள் குறித்து ஒரு விளக்கம்



நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் நாடு என்ற பெயரில் வழங்கும் 14 பகுதிகளுள் அரியூர் நாடும் ஒன்று. மிளகும் காப்பியும் அன்னாசியும் விளையும் அம்மலைக்கு அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் ஏற வேண்டும். கடலுக்கும் அவ்வூருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். மிளகு வாங்குவதற்காக அங்கே சென்று வரும் சகோதரர் ஒருவர், அங்குள்ள ஒரு தகப்பனாரின் கவலையை நம்மிடம் கொண்டுவந்தார். அவருடைய மகள் செவிலியர் படிப்பு முடித்தவர்; படிக்கும்போதே கடவுச்சீட்டு எடுத்து வைத்திருந்தார். திருமணத்திற்குப் பின் ஆதாரில் தந்தையின் பெயரை நீக்கிவிட்டுக் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். இப்பொழுது கணவர் வீட்டார் குடும்பத்துடன் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்குக் கப்பலில் செல்ல நாடியிருக்கின்றனர். ஆதாரில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர். பயணச்சீட்டை எந்தப் பெயரில் எடுப்பது? "துறைமுகத்தில் என் மகளை மட்டும் நிறுத்திவிட்டால் என்ன செய்வது?" என்பதே அந்தத் தகப்பனாரின் கேள்வி.

கேள்வி அவருடையதே எனினும், நம் இல்லங்களிலும் இதே நிலை உண்டு. 'முஹம்மது' என்ற ஒரு பெயரை நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், குடும்ப அட்டையில் வேறு விதம், வாக்காளர் அட்டையில் 'எம்.டி.' என்ற இரண்டே எழுத்து. பீவி என்பது ஓர் ஆவணத்தில் பீபி ஆகிறது; மற்றொன்றில் பேகம் ஆகிறது. 'அப்துல் காதர்' என்ற பிரிக்கக்கூடாத பெயரை ஒருவர் 'அப்துல்' என்று பெயர்க் கட்டத்திலும் 'காதர்' என்று குடும்பப் பெயர்க் கட்டத்திலும் எழுதிவிடுகிறார். பேச்சில் இவை யாவும் ஒரே ஆள்தான். ஆனால் கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிடப்படும் வரி பேச்சைக் கேட்பதில்லை. உலக விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த நெறிப்படி அவ்வரியில் பெயருக்கு 39 எழுத்திடங்களே உள்ளன. குடிநுழைவு மேசையில் இருக்கும் கருவி அதையே படிக்கிறது.

முதலில், கப்பலில் பெயருக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். கடலில் மனித உயிர்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையின்படி, பயணிகள் கப்பல் புறப்படும் முன் ஏறியவர்களை எண்ணியாக வேண்டும். ஒவ்வொருவரின் பெயரையும் பாலினத்தையும், பெரியவரா சிறுவரா குழந்தையா என்பதையும் பதிந்து, அப்பட்டியலைக் கரையில் வைத்திருக்க வேண்டும். ஆபத்து நேர்ந்தால் யாரைத் தேடுவது என்பதற்கு அப்பட்டியலே ஆதாரம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவு.

இந்த விதியின் பொருளை உணர ஒரு சம்பவம் போதும். 1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் மிஷேல் நவ்ராத்தில் என்ற பிரெஞ்சுத் தையற்காரர், மனைவிக்குத் தெரியாமல் தம் இரு சிறு புதல்வர்களை அழைத்துக்கொண்டு, 'ஹாஃப்மன்' என்ற வேறு பெயரில் ஏறினார். படகில் ஏற்றப்பட்ட பிள்ளைகள் பிழைத்தனர், தந்தை மாண்டார். மூத்தவனுக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. இளையவனுக்கு இரண்டு வயது. அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்பதைப் பட்டியலைக் கொண்டு யாராலும் கண்டறிய முடியவில்லை. செய்தித்தாளில் வெளிவந்த படத்தைக் கண்ட பிறகே பிரான்சிலிருந்த தாய் அடையாளம் கண்டு, மே மாதத்தில் நியூயார்க் வந்து சேர்ந்தார். தந்தையின் உடலுக்கு நேர்ந்ததோ இன்னும் வேதனையானது. அவர் கத்தோலிக்கர், ஆனால் ஹாஃப்மன் என்ற பெயரை வைத்து யூதர் என்று எண்ணி, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் யூதர்களின் அடக்கத்தலத்தில் அடக்கிவிட்டனர். பட்டியலில் இருக்கும் பெயர் ஒருவருடைய இறுதிச் சடங்கு வரை செல்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

நம் முன்னோர் கப்பல் பயணத்திற்குப் புதியவர்கள் அல்லர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா', பின்னர் 'சிதம்பரம்' கப்பல்களில் சென்றவர்களின் பேரர்கள் இவ்விதழின் வாசகர்களிலும் உண்டு. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற ஹஜ் கப்பல் 1995இல் நின்றுபோனது. அக்காலத்தில் ஹாஜிகளுக்கென்று தனி யாத்திரைக் கடவுச்சீட்டு இருந்தது. 2009ஆம் ஆண்டு ஹஜ்ஜிலிருந்து அனைவருக்கும் சர்வதேசக் கடவுச்சீட்டே கட்டாயமாயிற்று. ஆவணத்தில் பெயர் சற்று முன்பின் இருந்தாலும் ஊர்ப் பெரியவர் ஒருவர் சாட்சி சொன்னால் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. 2023 அக்டோபர் 14இல் தொடங்கிச் சில நாட்களிலேயே வானிலையால் நின்ற நாகை – காங்கேசன்துறைச் சேவை, 2024 ஆகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. பருவமழைக் காலத்தில் அது நிறுத்தப்படுவதும் உண்டு. சென்னையிலிருந்து 2022 ஜூனில் 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பல் உள்நாட்டுச் சுற்றுலாவைத் தொடங்கியது. 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்று வந்தது.

கரையை விட்டு நீங்கிய பின் வேறொரு நாட்டில் கால் வைப்பீர்களா, மாட்டீர்களா என்பதே ஆவண விஷயத்தில் முதல் கேள்வி. சென்னையிலிருந்து அந்தமானுக்கோ விசாகப்பட்டினத்துக்கோ செல்வதாயின் ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற, படமுள்ள அரசு அடையாள அட்டை ஒன்றே போதும். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் செல்பவர் இந்தியரேயாயினும் 1967ஆம் ஆண்டு விதிகளின்படி நுழைவு அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியிலுள்ள பெயரும் கையிலுள்ள அட்டையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இலங்கைக்கோ வேறு நாட்டிற்கோ கப்பல் செல்லுமாயின் கடவுச்சீட்டைத் தவிர வேறெதுவும் செல்லாது. அங்கே ஆதாரை நீட்டிப் பயனில்லை.

ஆகவே அந்தத் தகப்பனாருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: பயணம் நெருங்கிவிட்டதென்றால் எதையும் மாற்ற வேண்டாம். கடவுச்சீட்டில் தந்தையின் பெயருடன் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அதே எழுத்துகளுடன், அதே வரிசையில் பயணச்சீட்டை எடுங்கள். இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியையும் அதே பெயரில் பெறுங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று பாருங்கள். திருமணச் சான்றிதழைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயரில் பயணம் செய்வது குற்றமன்று. இரண்டு பெயர்களைக் கலந்து எழுதுவதுதான் தொல்லை. முகவரிடம் பெயரை வாயால் சொல்லாமல், கடவுச்சீட்டின் படியைக் கொடுத்துவிடுவது உத்தமம். அவர் பழக்கதோஷத்தில் முதலெழுத்தைப் பின்னால் சேர்த்துவிடுவார். கடவுச்சீட்டிலோ முதலெழுத்துக்கு இடமில்லை, அதை விரித்துத்தான் எழுதுவார்கள். 'கா. செல்வி' என்று ஊரில் அழைக்கப்படுபவர் அங்கே 'செல்வி காளியப்பன்' ஆகிவிடுகிறார். 'கா' என்ற ஓரெழுத்து யாரைக் குறிக்கிறது என்று கருவிக்குத் தெரியாது.

பயணத்திற்கு அவகாசம் இருந்து, புதிய பெயரிலேயே செல்ல விரும்பினால் வரிசை முறை முக்கியம். பலர் தலைகீழாகத் தொடங்கி அலைகின்றனர்.

பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் திருத்த முயல வேண்டாம். அவை பிறந்தபோதும் படித்தபோதும் இருந்த பெயரைச் சொல்பவை, அப்படியே இருக்கட்டும். பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் ஒரு பாலம்தான் தேவை. திருமணத்தால் மாறிய பெயருக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் அப்பாலமாகிறது. 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லா மதத்தினரும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு. ஜமாஅத் தஃப்தரில் எழுதிக் கையொப்பமிட்டாயிற்றே என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். அப்பதிவேடு திருமணம் நடந்ததற்குச் சான்று. பதிவாளரிடம் கொடுக்க அது உதவும். ஆனால் கடவுச்சீட்டு அலுவலகத்திலும் அயல்நாட்டுத் தூதரகத்திலும் பதிவாளரின் சான்றிதழையே கேட்பார்கள். நிர்வாகிகள் இதை மணமக்கள் வீட்டாரிடம் நிக்காஹ் அன்றே எடுத்துச் சொல்வது பெரிய உதவியாகும்.

திருமணம் அல்லாத காரணத்தால் பெயரை மாற்றுவோருக்குப் பாலம் அரசிதழ் அறிவிப்பு. சென்னை எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வெளியிடும் தமிழ்நாடு அரசிதழில் பழைய பெயர், புதிய பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியன அச்சாகும். மார்க்கம் மாறியதால் பெயர் மாற்றுவோர் அதற்கான சான்றையும் இணைக்க வேண்டும். மலைவாழ் சகோதரர்கள் இங்கே ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். பட்டியல் சாதியினருக்கான 1950ஆம் ஆண்டு ஆணையில் மத வரம்பு உண்டு. பழங்குடியினருக்கான ஆணையில் அவ்வரம்பு இல்லை. பெயரோ மார்க்கமோ மாறியது ஒன்றினாலேயே பழங்குடி நிலை போய்விடுவதில்லை என்றும், குலவழக்கங்களோடு உள்ள தொடர்பு முதலியவற்றை வைத்தே அது முடிவாகும் என்றும் 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே பழைய பெயரிலுள்ள சாதிச் சான்றிதழை அலட்சியமாகத் தொலைத்துவிட வேண்டாம். அரசிதழின் படியுடன் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

பாலம் கைக்கு வந்த பின் ஆதார். ஆயுளில் இரண்டே முறைதான் அதில் பெயரைத் திருத்தலாம். எனவே எந்த எழுத்து என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்த பிறகு மையத்திற்குச் செல்லுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. அதன் பிறகே கடவுச்சீட்டு. பெயர் மாறினால் பழைய ஏட்டில் திருத்தம் எழுதித் தரமாட்டார்கள். மறு வழங்கலாகப் புதிய ஏடு, புதிய எண்ணுடன் வரும். 36 பக்க ஏட்டிற்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கலில் மேலும் 2,000. 2017 முதல் அஞ்சலகங்களிலும் சேவை மையங்கள் திறக்கப்பட்டதாலும், 2018 முதல் நாட்டின் எந்த மையத்திலும் விண்ணப்பிக்கலாம் என்றானதாலும் அலைச்சல் குறைந்துள்ளது. எனினும் அரியூர் நாட்டிலிருந்து ஒரு கையொப்பத்திற்காகச் செம்மேட்டிற்கும், அங்கிருந்து மலையிறங்கிச் சமவெளிக்கும் செல்வோருக்கு ஒவ்வொரு பிழையும் ஒரு நாள் கூலி. விண்ணப்பத்தை நிரப்பித் தரும் கணினி மையத்தாரிடம் இருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

புதிய ஏடு வந்ததும் பழைய ஏட்டை எறிந்துவிடக் கூடாது. அதில் காலாவதியாகாத விசா இருந்தால், பெயர் மாறிய நிலையில் அது செல்லுமா என்று அந்தந்தத் தூதரகத்திடம் கேட்டறிந்த பிறகே கப்பலுக்குப் பணம் கட்ட வேண்டும். துபாயில் கப்பலேற நினைப்போருக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. 2022 நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஐக்கிய அரபு அமீரகம் ஏற்பதில்லை என்று விமான நிறுவனங்கள் அறிவித்தன. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாக ஓரிரு நாளில் விளக்கமும் வந்தது. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமே இல்லாத தமிழருக்கு இது தனிச் சோதனை. புதிதாக விண்ணப்பிப்போர் தந்தையின் பெயரை அக்கட்டத்தில் நிரப்பிவிடுவது நல்லது.

அமெரிக்காவில் குடியுரிமை பெற்ற உறவினரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரே துறைமுகத்தில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் கப்பலில் அந்நாட்டுக் குடிமக்கள் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் காட்டிச் செல்லலாம். பெயர் மாறிய பெண் திருமணச் சான்றிதழைச் சேர்த்துக் காட்டுவார். அச்சலுகை அவர்களுடைய குடிமக்களுக்கானது. இந்தியக் கடவுச்சீட்டுடையவருக்குப் பொருந்தாது.

குழந்தைகள் உடன் வந்தால் தாயின் பெயரைக் கவனியுங்கள். பிள்ளையின் கடவுச்சீட்டில் தாயின் பழைய பெயரும், தாயின் ஏட்டில் புதிய பெயரும் இருந்தால், தந்தை உடன் வராத பயணத்தில் கேள்வி எழக்கூடும். அப்போதும் அதே திருமணச் சான்றிதழ்தான் கைகொடுக்கும்.

மற்றுமொன்று. திருமணமானதும் பெண் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று இந்நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. கடவுச்சீட்டுக்காகப் பெண்கள் பெயர் மாற்ற வேண்டியதில்லை என்பதைப் பிரதமரும் 2017 ஏப்ரலில் அறிவித்தார். நம் சமூகத்தில் தந்தையின் பெயரோடு வாழ்ந்து மறைந்த பாட்டிமார் ஏராளம்; கணவரின் முதலெழுத்து பள்ளிக்கூடமும் வங்கியும் வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். அரியூர் நாட்டுத் தகப்பனாரிடம் இதையும் அந்தச் சகோதரர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். மகள் ஆதாரில் மீண்டும் தந்தையின் பெயரைச் சேர்ப்பதா, கடவுச்சீட்டை மாற்றுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம். ஆதாரில் அவருக்கு மீதமிருப்பது ஒரே ஒரு திருத்தம். பயணச்சீட்டு மட்டும் கடவுச்சீட்டின்படி, தந்தையின் பெயருடன் எடுக்கப்பட்டுவிட்டது.