புதிய சுழியோடியும் முதல் வேலையும்

கொஸ்லந்தவில் நீருக்குப் பஞ்சமில்லை. புனாகலை ஓயா 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சியாக விழுவது அதன் அயலிலேதான். கடலைக் காண வேண்டுமானால் மட்டும் ஒரு பக்கம் பெரகல ஏற்றத்தையோ, மறுபக்கம் வெல்லவாய இறக்கத்தையோ கடந்தாக வேண்டும். அங்குள்ள தோட்டமொன்றின் இளைஞன் சுழியோடித் தொழிலைக் கற்றுச் சான்றிதழுடன் லயத்துக்குத் திரும்புகிறான் என வைத்துக்கொள்வோம். பயிற்சிச் செலவுக்காகத் தாயின் நகை அடகில் இருக்கிறது. வேலை எப்போது கிடைக்கும்?

முதலில், அது எந்தச் சான்றிதழ் என்பதைப் பார்க்க வேண்டும். முதுகில் காற்றுக் கலனைச் சுமந்து பவளப்பாறைகளைக் காணச் செல்வோரின் சான்றிதழ் வேறு. தலைக்கவசம் அணிந்து, மேலிருந்து குழாய்வழி வரும் காற்றைச் சுவாசித்து, நீருக்கடியில் இரும்பை வெட்டி ஒட்டுபவரின் சான்றிதழ் வேறு. கடலில் எண்ணெய் எடுக்கும் பெரிய நிறுவனங்கள், சர்வதேச கடல்சார் ஒப்பந்தக்காரர் சங்கமாகிய இம்கா ஏற்கும் சான்றிதழையே பொதுவாகக் கேட்கின்றன. பணம் கட்டுமுன் விசாரிக்க வேண்டிய செய்தி இது.

சரியான சான்றிதழே இருப்பினும், முதல் வேலை பெரும்பாலும் நீருக்கு மேலேதான். மூழ்கியிருப்பவனின் காற்றுக் குழாயையும் உயிர்க்கயிற்றையும் பிடித்து நிற்பதும், காற்றழுத்தியைக் கவனிப்பதும், கருவிகளைக் கழுவி வைப்பதும் புதியவனின் பங்கு. இதை இழிவென எண்ணலாகாது. மன்னார்க் கடலில் முத்துக்குளித்த காலத்தில், மேலே கயிறு பிடிப்பவன் குளிப்பவனின் மைத்துனனாக இருப்பான் என்பார்கள். தங்கை விதவையாவதை எவன் பொறுப்பான்! இன்றும் கயிற்றை நம்பிக் கொடுக்கத்தக்கவன் என்ற பெயரை எடுத்தவனையே மேற்பார்வையாளர் நீருக்குள் அனுப்புகிறார்.

வேலை எங்கே? கொழும்பு, காலி, திருகோணமலை, அம்பாந்தோட்டைத் துறைமுகங்களில் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டுவதும், சுழல்விசிறியில் சிக்கிய கயிற்றை அறுப்பதும், மேடைத் தூண்களைச் சோதிப்பதும் உண்டு. மலையக மக்கள் நாள்தோறும் காணும் நீர்த்தேக்கங்களும் இத்தொழிலுக்குரிய இடங்களே. அணைக் கதவுகளையும், குப்பை தடுக்கும் கம்பி வலைகளையும் நீருக்கடியில் சோதிக்க ஆள் தேவை. ஆனால் அங்கே ஆபத்து வேறு வகை. சரியாக மூடாத கதவின் சிறு இடைவெளியும் ஆளை இழுத்துக் கவ்விக்கொள்ளும். கயிற்றால் இழுத்து அவனை விடுவிக்க இயலாது.

உயரமும் ஒரு சிக்கல். ஆழத்தில் உடலில் கரைந்த நைதரசன், வேகமாக மேலே வந்தால் குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் முதுகுத்தண்டையும் தாக்கும். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் கடல் மட்டத்துக்கு 1,000 மீற்றருக்கும் மேலே உள்ளன. அங்கே காற்றழுத்தம் குறைவு; ஆகையால் கடலுக்கென வகுத்த நேர அட்டவணையை அப்படியே கொள்ளலாகாது. இன்னொன்று: கொழும்பில் மாலையில் ஆழத்தில் வேலை செய்தவன், அன்றிரவே பஸ் ஏறிப் பெரகல வழியாக வீடு திரும்புவதும் அதே காரணத்தால் ஆபத்தானது. எத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டுமென்று மேற்பார்வையாளரிடம் கேட்டபின்பே புறப்பட வேண்டும்.

அடகு வட்டி ஏற ஏற, வேறு வழிகள் கண்ணில் படும். சங்கும் கடலட்டையும் எடுக்கச் சான்றிதழ் கேட்பாரில்லை. கூலியும் அன்றன்றே கைக்கு வரும். ஆனால் ஒரே நாளில் கலன் மேல் கலனாக மாற்றி மூழ்கி, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்கள் அத்தொழிலில் உண்டு. வளைகுடா நாட்டில் வேலை என்று முன்பணம் கேட்கும் முகவர் வந்தால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் அவரிடம் உண்டா என்பதைப் பணியகத்திலேயே விசாரிக்கலாம்.

மருத்துவச் சான்றைக் காலந்தவறாது புதுப்பித்து, ஒவ்வொரு மூழ்கலின் ஆழத்தையும் நேரத்தையும் மேற்பார்வையாளரின் கையொப்பத்துடன் பதிவேட்டில் எழுதி வருபவனிடம், அடுத்த நிறுவனம் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். கயிறு பிடித்து நின்ற நாட்களையும் அதில் எழுதி வைத்தல் நன்று.