கண்டியில் உளநல உதவி: எந்தக் கதவை, எந்த மொழியில் தட்டுவது?

இதை வாசிக்கும் நீங்கள் இப்போதே உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு இருந்தால், கட்டுரையை அப்புறம் வாசிக்கலாம். 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகம் நடத்தும் இலவச சேவை அது. 24 மணித்தியாலமும் மூன்று மொழிகளிலும் இயங்குகிறது. எடுப்பவர் சிங்களத்தில் பேசத் தொடங்கினால் "தமிழ்" என்று மட்டும் சொன்னால் போதும். ஏற்கனவே ஏதாவது செய்துவிட்டீர்கள் என்றால் 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு கிட்ட இருக்கிற அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பத்திரிகை வேலையில் இருப்பவளுக்கு எல்லாரையும் தெரிந்திருக்கும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "கண்டியில தமிழ் பேசுற நல்ல தெரபிஸ்ட் யாராவது இருக்காங்களா?" கேட்பவர் பெரும்பாலும் தனக்காகக் கேட்பதில்லை, "தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்பார். கைப்பேசியில் தேடினால் வருவதெல்லாம் கொழும்பு முகவரிகளும் ஆங்கிலப் பக்கங்களும் மணித்தியாலக் கணக்கில் கட்டணமும்தான். இரண்டு நாள் தேடி, களைத்து, விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, இன்றிரவையும் இந்த வாரத்தையும் பாதுகாப்பாகக் கடப்பது. மற்றது, அடுத்த ஆறு மாதமோ ஒரு வருடமோ உட்கார்ந்து பேச ஒரு ஆளைக் கண்டுபிடிப்பது. இரண்டாவதற்கு ஆறுதலாகத் தேடலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம். முதலாவது அதற்காகக் காத்திருக்கக் கூடாது. அதற்குப் பொருத்தமான தெரபிஸ்ட் தேவையில்லை. கதவு திறந்திருக்கிற ஓரிடம் போதும்.

கண்டியில் அந்தக் கதவு அரச வைத்தியசாலைதான். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. காசு இல்லை. வெளிநோயாளர் பிரிவில் இலக்கம் எடுத்து, அங்கே இருக்கும் வைத்தியரிடம் விஷயத்தைச் சொன்னால் அவர் மனநல கிளினிக்குக்கு அனுப்புவார். இரவு நேரம், விடுமுறை நாள், தாங்க முடியாத நிலை என்றால் வெளிநோயாளர் பிரிவு திறக்கும்வரை இருக்க வேண்டாம், அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போகலாம். அதுவும் அவசரம்தான், நெஞ்சு வலியோடு போகிறவருக்கு இருக்கிற அதே உரிமை உங்களுக்கும் உண்டு.

ஆனால் "விஷயத்தைச் சொன்னால்" என்று நான் எழுதிய அந்த இரண்டு சொல்லில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது.

நாங்கள் இதை நேராகச் சொல்வதில்லை. "மனசு சரியில்ல", "வெறுத்துப்போச்சு", "தலையிடி", "நித்திரை வருதில்ல" என்போம். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது தலையிடி என்று கேட்ட வைத்தியர் பனடோல் எழுதித்தான் அனுப்புவார். கலஹா பக்கத் தோட்டமொன்றிலிருந்து கண்டி டவுனுக்குக் கடை வேலைக்கு வரும் என் உறவுக்காரத் தங்கை ஒருத்திக்கு அதுதான் நடந்தது. அவள் அனுமதியோடு எழுதுகிறேன். ஒரு வைத்தியசாலைக்கு இரண்டு தடவை தனியாகப் போனாள், இரண்டு தடவையும் மாத்திரைப் பையோடு திரும்பி வந்தாள். வைத்தியர் கேட்ட சிங்களம் அவளுக்கு விளங்கியது. கடையில் பேசுகிற சிங்களம்தானே. ஆனால் இதைச் சொல்ல அந்தச் சிங்களம் போதவில்லை. "ப்ளவுஸ் பிட் விக்கிற பாஷையில இத எப்பிடிக்கா சொல்றது?" என்று என்னிடம் கேட்டாள்.

மூன்றாவது தடவை நான் கூடப் போனேன். போகும் முன் பஸ்ஸில் வைத்து ஒரு துண்டில் மூன்று வரி எழுதினோம்: எவ்வளவு காலமாக அந்த எண்ணம் வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாளா. வைத்தியர்கள் ஆபத்தை அளக்கக் கேட்கும் கேள்விகள் இவைதான். கேட்பதற்கு முன்பே கையில் கொடுத்தால் நேரமும் மிச்சம், வெட்கமும் மிச்சம். வைத்தியர் துண்டை வாசித்துவிட்டு நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

துண்டு எழுத ஆள் இல்லாதவர்கள் இந்த இரண்டு சிங்கள வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். "மட்ட மெரென்ன ஹிதெனவா" – எனக்குச் சாகத் தோன்றுகிறது. "தெமள கதா கரன கெனெக் இன்னவாத?" – தமிழ் பேசுகிறவர் யாராவது இருக்கிறாரா? 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. நோயாளி இதை மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பது நியாயமில்லை. அந்தச் சண்டையை நாங்கள் பிடிக்கத்தான் வேண்டும், ஆனால் உயிர் ஊசலாடுகிற காலையில் அல்ல. மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிப்போவதென்றால் பிள்ளையை வேண்டாம். மாமியார், கணவன் போன்றவர்களையும் யோசித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். பிரச்சினையே வீட்டில் என்றால் அவர் முன்னால் வாய் திறக்காது. ஒரு சிநேகிதி நல்லது. வார்டில் தமிழ் தெரிந்த தாதி இருந்தால் இன்னும் நல்லது.

பயங்கள் வேறு இருக்கின்றன. பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்பது ஒன்று. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கியிருந்த தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவு 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. முயன்றால் குற்றமே இல்லை. எண்ணத்தை வைத்தியரிடம் சொல்வது எப்படிக் குற்றமாகும்? அடுத்தது, "அங்கொடைக்கு அனுப்பிருவாங்க". எங்கள் ஊர்களில் அங்கொடை ஒரு ஊரின் பெயரல்ல, ஒரு வசவு. 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கையின் நோக்கமே சிகிச்சையை அங்கிருந்து மாவட்ட வைத்தியசாலைகளுக்கும் சமூகத்துக்கும் கொண்டுவருவதுதான். கிளினிக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அன்றே வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். ஆபத்து அதிகம் என்றால் சில நாள் வார்டில் இருக்கச் சொல்லலாம். நீங்கள் சொன்னது வெளியே போகாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்தியர் நினைத்தால் மட்டும் வீட்டில் ஒருவரிடம் சொல்ல வேண்டி வரலாம். யாரிடம் சொல்லலாம் என்று முன்கூட்டியே நீங்களே பெயர் கொடுக்கலாம்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த நாடே சாட்சி. 1995 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. பிறகு அது 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பேராதனையைத் தளமாகக் கொண்ட ஆய்வாளர்கள் உட்படப் பலர் காட்டிய முக்கிய காரணம், மிகக் கொடிய விவசாய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டது. அந்த வருடங்களில் இந்த நாட்டு மக்களின் கவலை தீர்ந்துவிடவில்லை. யுத்தம் நடந்தது, சுனாமி வந்தது. ஆபத்தானது கைக்கு எட்டாமல் போனதும் அந்த மோசமான மணித்தியாலம் கடந்துபோனது, மனிதர்கள் மிஞ்சினார்கள். அதனால் வீட்டில் ஒருவர் இப்படிப் பேசினால் ஆபத்தானவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள், அல்லது வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இனி அந்த இரண்டாவது வேலை. தெரபிஸ்ட் என்ற ஒரு சொல்லுக்குள் நாங்கள் பல பேரை அடைத்துவிடுகிறோம். மனநல வைத்திய நிபுணர் மருந்து எழுதுவார். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கலாம், "மருந்து புடிக்கல" என்று ஐந்தாம் நாள் நிறுத்துவது நம் வழக்கம். மருத்துவ உளவியலாளர் மருந்தில்லாமல் முறைப்படி பேச்சுச் சிகிச்சை தருபவர். நாட்டில் மிகச் சிலர், தமிழில் இன்னும் சிலர். உளவளத்துணையாளர்கள் கூடுதலாகக் கிடைப்பார்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், இலவசம். பலருக்கு இது தெரியாது. பிறப்புச் சான்றிதழுக்கு ஏறி இறங்கும் அதே கட்டடம்தான். 1974இல் தொடங்கிய சுமித்ரயோவின் தன்னார்வலர்கள் அறிவுரை சொல்லாமல் கேட்பவர்கள். கண்டியிலும் கிளை உண்டு. தமிழில் பேச எப்போது வரலாம் என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள்.

தனியாரிடம் போனால் பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். ஆறு மாதச் சான்றிதழ் உள்ளவரும் கலாநிதிப் பட்டம் உள்ளவரும் ஒரே சொல்லைப் பலகையில் போடலாம். என்ன படித்தீர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, நிலை மோசமானால் எந்த வைத்தியரிடம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். கேட்டதும் கோபப்பட்டால் பஸ் காசோடு போயிற்று என்று எழுந்து வரலாம். கர்மா, தோஷம், ஈமான் குறைவு என்று தொடங்குகிறவரிடம் நான் இரண்டாவது தடவை யாரையும் அனுப்பமாட்டேன். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்கள் போகட்டும், கிளினிக்கை விட்டுவிட்டு அல்ல. மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகும் அந்த ஆளோடு ஒட்டவில்லையென்றால் மாற்றலாம். தையல்காரரை மாற்றுகிறோம், இதற்கென்ன?

தங்கைக்கு இப்போது மாதத்தில் ஒரு நாள் கிளினிக். தோட்டத்தில் வேலை செய்யும் அவள் அம்மாவுக்குக் கூட வர ஆசை, வந்தால் அன்றைய பேர் போகும். கிளினிக் புத்தகத்தைக் காட்டினாலும் கங்காணி, "ஒடம்புக்கு என்ன?" என்றுதான் கேட்கிறார். அம்மா "தலையிடி" என்று சொல்லிவிட்டு வருகிறார்.