நெடுநடையும் கால்வலியும்

ஆண்டுதோறும் ஆனி மாதத்தையொட்டிப் புனே நகரம் நடந்து வரும் அடியார்களால் நிறைந்துவிடுகிறது. ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளும், தேகுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் பல்லக்கேறிப் பண்டரிபுரத்துக்குப் புறப்படுகின்றன. உடன் செல்லும் வார்க்கரிகள் ஆஷாட ஏகாதசிக்குள் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பல்லக்குகள் பவானிப் பேட்டையிலும் நானாப் பேட்டையிலும் உள்ள விட்டோபா கோயில்களில் தங்குகின்றன. அந்நாட்களில் கூலி பெறாமல் செருப்புத் தைத்துக் கொடுப்போரையும், எண்ணெய் தேய்த்துக் கால் பிடித்துவிடும் இளைஞரையும், கொப்புளத்துக்குக் கட்டுப் போடும் மருத்துவரையும் நாம் இங்கே காணலாம்.

ஞானேசுவரர் பல்லக்கைத் தொடர்வோர்க்கு அடுத்த நாள் நடை கடுமையானது. திவே கணவாயின் ஏற்றத்தைக் கடந்து சாஸ்வடு சேர வேண்டும். ஆகவே, வலிக்கிற காலுடன் மேலே நடக்கலாமா என்று எண்ணிப் பார்க்க ஏற்ற இடம் புனேதான். இக்கேள்வி யாத்திரிகர்க்கு மட்டும் உரியதன்று. நாள் முழுதும் நின்று வேலை செய்வோர்க்கும் உரியதே.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை உறுதியான நார்ப்பட்டை ஒன்று வில்லின் நாண்போல இழுத்துக் கட்டியிருக்கிறது. அது நைந்து நோகும்போது, காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியே முள் தைத்தாற் போலிருக்கும். சிறிது நடந்ததும் தணியும். மாலையில் மீண்டும் தலைகாட்டும். தொல்லை தருவதேயாயினும் இது அஞ்சத்தக்கதன்று. மெத்தென்ற செருப்பு, கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி இழுக்கும் பயிற்சி, நடையைச் சற்றுக் குறைத்தல் ஆகியவற்றால் பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் குணமாகிவிடும்.

இதற்கு மாறான வலி ஒன்றுண்டு. முன்பாதத்தில், விரலால் சுட்டிக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் தோன்றி, நடக்க நடக்க அது மிகும். 1855இல் பிரைட்ஹாப்ட் என்னும் பிரஷ்யப் படை மருத்துவர், நெடுந்தொலைவு அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்களில் இதனைக் கண்டு எழுதினார். 1895இல் எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே, ஓயாத நடையால் எலும்பில் விழும் கீறல் இது என்பது புலனாயிற்று. முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்-கதிர்ப் படத்திலும் இது தென்படாமற் போகலாம். ஆதலால் படத்தில் ஒன்றுமில்லை என்று மகிழ்ந்து நடையைத் தொடர்வது தவறு. எண்ணெய்த் தேய்ப்பில் நம்மவர்க்குள்ள பற்றை நாம் அறிவோம். எனினும் கீறிய எலும்பைத் தேய்ப்பு இணைப்பதில்லை, ஓய்வே இணைக்கும்.

கணுக்கால் பிசகினாலும் முதலில் தேய்க்கலாகாது. துணியில் சுற்றிய பனிக்கட்டி வைத்து, கட்டுத்துணி சுற்றி, காலை உயர்த்தி வைத்திருப்பதே நன்று. எலும்பு முறிந்திருக்குமோ என ஐயுறத்தக்க அடையாளங்களைக் கனடா நாட்டு ஆட்டவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்துக் கூறினர். நான்கு அடி நடக்க இயலாவிட்டாலோ, கணுவின் எலும்பை அழுத்தும்போது வலி துடித்தாலோ படம் எடுத்துப் பார்க்க வேண்டும். குதிகாலுக்கு மேல், பின்னாலிருந்து எவரோ உதைத்தாற் போன்ற உணர்ச்சியுடன் நுனிக்காலில் நிற்க இயலாமற் போனால், தடித்த தசைநாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி நோதல், சிவந்த பாதத்துடன் காய்ச்சல் காணுதல் ஆகியவையும் அவ்வாறே.

இவை யாவற்றிலும் கொடியது வலியற்ற புண். நீரிழிவினால் நரம்புணர்ச்சி மங்கியவர்க்குக் கொப்புளம் உடைந்ததும் தெரியாது, கல் குத்தியதும் தெரியாது. வலியில்லையே என்று அவர் நடக்க, புண் எலும்பை எட்டிவிடும். போரில் கை கால் இழந்த வீரர்களுக்கென 1944இல் நிறுவப்பெற்ற செயற்கை உறுப்பு நிலையம் இந்தப் புனேயிலேயே உள்ளது. போர்க்களம் காணாதவரும் ஒரு கொப்புளத்தால் காலை இழக்கக்கூடும் என்பதே நாம் சொல்ல வருவது. நீரிழிவுடையோர் வெறுங்காலுடன் நடக்க வேண்டா. இரவில் தங்குமிடத்தில் உள்ளங்காலை விளக்கொளியில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் உடன் வருவோரைப் பார்க்கச் சொல்லலாம். புண் கண்டால் வலிக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

நடக்கலாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் மனம் வருந்துவது இயல்பே. ஏகாதசியையொட்டிப் பண்டரிபுரத்துக்கு மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகம் தனிப் பேருந்துகள் விடுகிறது. எஞ்சிய வழியை அவற்றில் கடந்து, உடன் நடந்தோரை அங்கே சந்திக்கலாம்.