ஏரியை ஒட்டிய வயல் குடியிருப்பு மனையாகும்போது

நாளிதழின் உள்பக்கத்தில், ஏல அறிவிப்புகளுக்கு நடுவே பொடி எழுத்தில் வரும் அந்த அறிவிப்பு. இன்ன கிராமம், இன்ன புல எண்கள், இத்தனை ஹெக்டேர். விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்றக் கோரி மனு வந்திருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் அடுக்குமாடித் தொகுப்புகளாக்கும் வேலை பெரும்பாலும் இந்த நாலு வரியில்தான் தொடங்குகிறது.

கட்டுநர் சொல்லும் காரணம் பொய்யல்ல. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை வந்தது. பின்னால் செல்பேசித் தொழிற்சாலைகள் பெருகின. வேலை வந்த வேகத்தில் வீடு வரவில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்ட பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். எப்படிப்பட்ட இடங்களில் அவர்கள் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் ரூ.706.50 கோடியில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. தொழிற்பூங்காவுக்கு உள்ளேயே, ஏற்கெனவே மாற்றப்பட்ட நிலத்தில் அது கட்டப்பட்டது. புது மனுக்களைப் பரிசீலிப்பவர்கள் இந்த உதாரணத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

தனியார் மனுக்கள் வேறொரு சமாதானம் சொல்லும். வீடுகளை ஒரு பக்கமாக நெருக்கிக் கட்டிவிட்டு மீதியைத் திறந்தவெளியாக விடுகிறோம், அதனால் ஏரிக்குக் கெடுதல் இல்லை என்பது அது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகக் கொடுப்பது எப்படியும் விதிப்படி கட்டாயம். அந்தத் திறந்தவெளி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. வரத்துக் கால்வாய் ஓடும் தாழ்ந்த நிலம் திறந்தவெளியானால் ஊருக்கு நல்லது. கால்வாயை மூடிவிட்டு மேட்டில் பூங்கா போட்டால், வரைபடத்தில் பச்சை நிறம் இருக்கும், ஏரிக்குத் தண்ணீர் இருக்காது.

காஞ்சிபுரத்தை ஏரிகள் மாவட்டம் என்பார்கள். இங்கே எந்த ஏரியும் தனி ஏரி இல்லை. மேலே உள்ளது நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் கீழே உள்ளது நிரம்பும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. ஒரத்தூர், மணிமங்கலம், ஆதனூர் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் இறங்குகிறது. 2015 டிசம்பர் வெள்ளம் என்றதும் செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்ட 29,000 கன அடியைத்தான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலைப் பக்கம். அதற்கு மேலே இருக்கும் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது ஒரத்தூர், மணிமங்கலம், ஆதனூர் வட்டாரத்து ஏரித் தண்ணீர். அங்கே மூழ்கிய வீடுகளில் பல முறையாக அனுமதி பெற்ற மனைகளில் நின்றவை.

சட்டம் என்ன செய்கிறது? 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. அதாவது இந்த வட்டாரத்து ஏரிகளில் அநேகமாக எல்லாமே வெளியே. பக்கத்து மாவட்டத்தில் பறவைகள் வந்து குவியும் வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். 2022இல் அதற்கு ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. ஒரே வகை ஏரி ஓர் ஊரில் உலகச் சொத்து, இன்னோர் ஊரில் வெறும் புறம்போக்கு. இது அநியாயம். 2007ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் ஏரியின் எல்லைக்குள் ஆக்கிரமிப்பைத் தடுக்கும். 2019 கட்டட விதிகள் நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் அனுமதி மறுக்கவோ நிபந்தனை விதிக்கவோ இடம் தருகின்றன. பதினாறாவது மீட்டரில் தொடங்கும் பட்டா நிலம்தான் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது.

அதற்குத்தான் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தச் சான்றில் வழக்கமாக வரும் நிபந்தனையைக் கவனியுங்கள்: மனையை இவ்வளவு உயரத்துக்கு மண் நிரப்பி மேடாக்க வேண்டும். வாங்குபவரின் வீட்டுக்குள் தண்ணீர் வராது. முன்பு அங்கே நின்ற தண்ணீர் பக்கத்துக் காலனிக்குப் போகும். ஒவ்வொரு மனுவையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு குற்றமும் தெரியாது. பத்து மனைகள் மேடான பிறகுதான் பள்ளத்தில் இருப்பது யார் என்று தெரியவரும்.

பள்ளிக்கரணை இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சர் தலமான அந்தச் சதுப்பு நிலத்திலும் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய திட்ட அனுமதி தரக்கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சிஎம்டிஏ) உத்தரவிட்டது. எல்லையையும் தாக்கப் பகுதியையும் முதலில் ஆய்ந்து முடியுங்கள் என்றது. அடுத்த மாதமே பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. முதலில் தரையில் எல்லை, பிறகு தாளில் அனுமதி என்ற அந்த வரிசை ஒரகடத்துக்கும் வேண்டும். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. விரிந்த பகுதிக்குத் திட்டம் எழுதும்போதே ஏரிச் சங்கிலியை அதில் வரைந்துவிட முடியும்.

அதுவரை கிராமத்தார் கையில் இருப்பது அந்த நாலு வரி அறிவிப்பும் அதில் சொல்லும் கெடுவும்தான். ‘எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள்’ என்று மட்டும் எழுதினால் ஆட்சேபம் கோப்பில் தங்கிவிடும். வரத்துக் கால்வாய் எந்தப் புல எண் வழியாக வருகிறது என்பதைப் புலப்பட நகலோடும் ‘அ’ பதிவேட்டு நகலோடும் காட்டுங்கள். 2015இல் அந்த வயலில் தண்ணீர் எத்தனை அடி நின்றது, எத்தனை நாள் நின்றது என்று எழுதுங்கள். மண் நிரப்பினால் அது எந்தத் தெருவுக்குப் போகும் என்பதற்கு எழுத்தில் பதில் கேளுங்கள். கெடு முடிவதற்குள் நேரில் கொடுத்து, ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.