பழைய வர்ணமும் புதிய பூச்சும்

பழம்பொருளைப் புதுப்பிக்கப் புகுந்து, அதன் பழமையையே அழித்துவிடுவோர் பலர். அவ்வாறு நேரக்கூடாதென்றே எம் தந்தையாரின் றலி சைக்கிளுக்குப் புது வர்ணம் பூச நாம் இணங்கவில்லை.

கற்பிட்டியில், கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணற்பாதைகளில் ஓடிய வண்டி அது. பாட்டனார் வாங்கியது. பின்சில்லின் குடத்தில் பொறித்துள்ள 58 என்னும் இலக்கம், அக்குடம் 1958ஆம் ஆண்டிற் செய்யப்பட்டதைக் காட்டும். முன் பாரில் ஓரிடத்தில் கறுப்பு வர்ணம் தேய்ந்து உருக்குத் தெரிகிறது. சிறு வயதில் நாம் அமர்ந்து பள்ளி சென்ற இடம் அது. அதனை மறைக்க மனம் வருமா?

நிறமற்ற லாக்கர் பூசினால் உள்ளது உள்ளபடி நிலைக்குமென எண்ணினோம். மண்ணெண்ணெயால் துடைத்து, முதலிற் பின் மட்காட்டுக்கு மாத்திரம் பூசினோம். கண்ணாடிபோல் மின்னியது. மாரி கழியுமுன்னரே, பூச்சின் அடியிற் புழு ஊர்ந்த தடம்போலச் செந்நிற இழைகள் ஓடலாயின. திரவம் ஊற்றிப் பூச்சைக் கரைத்தபோது, நாம் காக்க விரும்பிய பொன்னிறக் கோடுகளும் துணியோடு வந்துவிட்டன.

பிழை எங்கே? மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும், உப்பைக் கரைக்காது. கடற்காற்று படியவைத்த உப்போ காற்றின் ஈரத்தை ஈர்க்கும். பூச்சிலுள்ள நுண்ணிய கீறலொன்று போதும். அதன்வழி புகும் ஈரமும் காற்றும் உப்போடு சேர்ந்து கறளை இழையிழையாக வளர்க்கும். மேலே போட்ட பூச்சு, அடியில் உள்ள கேட்டையும் சேர்த்தே மூடிவைக்கிறது.

ஆதலால் இவ்வேலையில் இறங்குவோர் முதலில் நன்னீரிற் சிறிது சவர்க்காரங் கலந்து கழுவுக. மீண்டும் நன்னீர் விட்டலசி முற்றாக உலர்த்துக. கறளை மட்டும் மெல்லத் தேய்த்தெடுக்க. லாக்கரின் கரைப்பான் பழைய வர்ணத்தைச் சுருங்கச் செய்யக்கூடும். கண்ணிற்படாத மூலையிற் சிறிது பூசி, ஒருநாள் பொறுத்துப் பார்க்க. பின்னர், காற்றடங்கிய உலர்ந்த நாளில், நிழலில், மெல்லியதாக இருமுறை பூசுக. தடித்த பூச்சு ஒன்றிலும் மெல்லிய பூச்சு இரண்டு மேல்.

ஐயமிருப்பின் மெழுகே உத்தமம். அடிக்கடி பூசவேண்டும் என்பது குறையே. ஆயினும் பிழைத்தால் வர்ணத்துக்குச் சேதமின்றித் துடைத்தெடுக்கலாம்.

எம் முன் பாருக்கு இன்று மெழுகு மாத்திரமே. ஞாயிறுதோறும் கிணற்று நீரால் உப்பைக் கழுவி, உலரத் துடைத்து வைக்கிறோம். தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருக்கிறது.